ஸ்டான்லி நீர்த்தேக்கமும் ஸ்டான்லி என்னும் மனிதரும்

சென்ற மழைக்காலத்தில் நம் மன்றத்து மாணவர் பத்துப் பன்னிருவர் சேர்ந்து கண்டிப்பேட்டை ஏரிக்குச் சென்றிருந்தோம். கரைமேல் நின்றுகொண்டிருந்தபோது, முதலாண்டு மாணவர் ஒருவர், "இந்த ஏரிக்கு உஸ்மான் சாகர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் கண்டிப்பேட்டை என்றே சொல்கிறார்களே" என்றார். நம் மேட்டூர் அணையும் அப்படித்தான், ஏட்டில் அதற்கு ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று பெயர் என்று நான் சொன்னேன். சொல்லிவிட்டு அகப்பட்டுக்கொண்டேன். "ஸ்டான்லி என்பவர் யார்?" என்று உடனே ஒரு கேள்வி வந்தது. அணையைக் கட்டிக்கொடுத்த நல்ல வெள்ளைக்காரர் என்றார் ஒருவர். அடக்குமுறை செய்த கவர்னர், அவர் பெயரை எப்போதோ அழித்திருக்க வேண்டும் என்றார் மற்றொருவர். வாதம் மூண்டுவிட்டது. இருவரில் எவருக்கும் அம்மனிதரைப் பற்றி இரண்டாவது வாக்கியம் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

எனக்குத் தெரியாமற் போனதில் வெட்கம் அதிகம். திருத்துறைப்பூண்டிக்கு அருகிலுள்ள சிற்றூர் எங்கள் ஊர். எங்கள் முன்னோர் உண்ட சோறு மேட்டூர்த் தண்ணீரில் விளைந்தது. 2002, 2003 ஆகிய ஆண்டுகளில் ஜூன் மாதத்தில் அணை திறக்கப்படாமற் போனதால்தான் என் தந்தையார் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் கைக்குழந்தையாகிய என்னுடன் இந்த ஐதராபாத்துக்கு வந்து சேர்ந்தார். ஓர் அணையின் நீர்மட்டம் ஒரு குடும்பத்தின் முகவரியையே மாற்றிவிட்டது. அப்படிப்பட்ட அணையின்மேல் எழுதியிருக்கும் பெயருக்கு உரியவரை அறிந்துகொள்வது என் கடன் என்று தோன்றியது. படித்தறிந்ததை இங்கே தருகிறேன். நான் பௌதிக மாணவன், வரலாற்று மாணவன் அல்லன். அன்பர்கள் அதை மனத்திற்கொண்டு படிக்க வேண்டுகிறேன்.

ஜார்ஜ் பிரெடரிக் ஸ்டான்லி 1872-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் பதினாறாவது டார்பி பிரபுவாகிய பிரெடரிக் ஸ்டான்லி. அவர் 1888 முதல் 1893 வரை கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தவர். பனிக்கட்டியில் ஆடும் ஹாக்கியில் ஸ்டான்லிக் கோப்பை என்று ஒன்று உண்டல்லவா? 1892-இல் அதை வழங்கியவர் அவரே. ஆகவே, ஸ்டான்லி என்னும் பெயரைக் கேட்டால் கனடாக்காரர் கோப்பையை நினைப்பார், சென்னைக்காரர் மருத்துவமனையை நினைப்பார்.

தந்தையைவிடப் பாட்டனார் நமக்கு முக்கியமானவர். பதினான்காவது டார்பி பிரபு மூன்று முறை இங்கிலாந்தின் பிரதமராக இருந்தார். 1858-இல் கிழக்கிந்தியக் கம்பெனியிடமிருந்து இந்தியாவின் ஆட்சி பிரிட்டிஷ் முடியின்கீழ் சென்றபோது பிரதமராக இருந்தவர் இவர்தாம். அப்போது முதன்முதலாக ஏற்படுத்தப்பட்ட இந்தியா மந்திரி பதவியில் அமர்ந்தவர் இவருடைய மூத்த மகன், அதாவது நம் ஜார்ஜின் பெரிய தந்தையார். பள்ளிக்கூடத்தில் விக்டோரியா மகாராணியின் பேரறிக்கையை மனப்பாடம் செய்தோமே, அந்த ஆண்டின் அரசாங்கம் ஏறக்குறைய இக்குடும்பத்தின் கையில் இருந்தது. பிற்காலத்தில் இக்குடும்பத்துப் பிள்ளை ஒருவர் சென்னைக்குக் கவர்னராக வந்ததில் வியப்பதற்கு என்ன இருக்கிறது? அவர்களுக்கு இந்தியா தூரத்து நாடு அன்று. வீட்டுப் பேச்சில் அடிபட்ட நாடு.

இங்கிலாந்துப் பிரபுக் குடும்பங்களில் மூத்த மகனுக்கே பட்டமும் நிலமும் சேரும். இளைய பிள்ளைகள் படைக்கோ, மதகுரு வேலைக்கோ, அரசியலுக்கோ செல்ல வேண்டும். ஜார்ஜ் இளைய பிள்ளைகளுள் ஒருவர். வெலிங்டன் கல்லூரியிலும், பிறகு வூலிச்சிலுள்ள இராணுவக் கழகத்திலும் பயின்று பீரங்கிப் படையில் அதிகாரியானார். தென்னாப்பிரிக்காவில் போயர்ப் போரில் பணிபுரிந்தார். முதல் உலகப் போர் மூண்டபோது மீண்டும் படைக்குச் சென்றார். 1916-இல் சி.எம்.ஜி. என்னும் விருது கிடைத்தது. லெப்டினன்ட் கர்னல் என்ற பதவிப் பெயர் கடைசி வரையில் அவர் பெயருக்கு முன்னால் நின்றது. படைவாழ்வைப் பற்றி இதற்குமேல் விரிக்க வேண்டியதில்லை. அக்காலத்தில் அவரைப் போன்ற அதிகாரிகள் எத்தனையோ பேர் இருந்தனர்.

அரசியல் வாழ்வுதான் கவனிக்கத்தக்கது. 1910-ஆம் ஆண்டு ஜனவரித் தேர்தலில் பிரஸ்டன் தொகுதியிலிருந்து கன்சர்வேட்டிவ் கட்சியின் சார்பில் பார்லிமெண்டுக்குச் சென்றார். பிரஸ்டன், லங்காஷயர் வட்டாரத்துப் பஞ்சாலை நகரம். அவருடைய தந்தையும் பாட்டனும்கூட ஒரு காலத்தில் அதே ஊரின் உறுப்பினராய் இருந்தவர்கள். பன்னிரண்டு ஆண்டுகள் அத்தொகுதி அவரிடம் இருந்தது. லங்காஷயர்த் துணி எங்கே விற்றது என்பதை நம்மவர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பிற்காலத்தில், அவர் கவர்னராயிருந்த சென்னை மாகாணத்தில் அந்நியத் துணிக்கடைகளின் முன்னே தொண்டர்கள் மறியல் செய்தபோது, தமக்கு வாக்களித்த ஊரின் ஆலைகள் அவர் நினைவில் வராமலா இருந்திருக்கும்?

போர் முடிந்தபின் சிறு சிறு பதவிகள் வந்தன. 1919 முதல் அரண்மனை சார்ந்த ஒரு பதவி. 1921-இல் போர்த்துறையின் நிதிச் செயலர். 1922-ஆம் ஆண்டு இறுதியில் போனர் லா மந்திரிசபையில் உள்துறைத் துணைமந்திரி. அதே மந்திரிசபையில் அவருடைய தமையனார் டார்பி பிரபு போர்த்துறை மந்திரி. ஆனால் அந்த ஆண்டுப் பொதுத்தேர்தலில் பிரஸ்டன் மக்கள் ஸ்டான்லியைத் தோற்கடித்துவிட்டனர். பதவி இருந்தது, இடம் இல்லை. கிழக்கு வில்லஸ்டன் என்னும் பத்திரமான தொகுதியை அவருக்காகக் காலி செய்தார்கள். 1923 மார்ச்சில் இடைத்தேர்தல் நடந்தது. வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டை அரசாங்கம் தளர்த்திவிடும் என்னும் அச்சம் அப்போது மக்களை வாட்டிக்கொண்டிருந்தது. அங்கும் அவர் தோற்றார். லிபரல் கட்சியின் ஹார்கோர்ட் ஜான்ஸ்டன் வென்றார். அதே வாரத்தில் இன்னும் இரு மந்திரிகளும் இடைத்தேர்தல்களில் வீழ்ந்தனர். ஸ்டான்லி பதவியை விட்டு விலக வேண்டியதாயிற்று.

1924-இல் அதே கிழக்கு வில்லஸ்டனில் வென்று மீண்டார். 1929 வரையில் ஓய்வூதியத் துறையில் துணைப் பதவி வகித்தார். போரில் கால் கை இழந்தவர்களுக்கும், கணவனை இழந்த பெண்களுக்கும் உதவித்தொகை வழங்கும் துறை அது. பத்தாண்டுகள் துணைப் பதவிகளிலேயே கழிந்தன. காபினெட் மந்திரியாக அவர் ஒருநாளும் உயரவில்லை. இங்கிலாந்தின் அரசியல் வரலாற்றை எழுதுவோர் அவருக்கு ஓர் அடிக்குறிப்பு தந்தால் அதிகம். அப்படிப்பட்டவர் நாலரைக் கோடிக்கு மேற்பட்ட மக்களை ஆள எவ்வாறு அனுப்பப்பட்டார்?

விடை எளிது. பஞ்சாப், மத்திய மாகாணம் முதலியவற்றுக்குப் பெரும்பாலும் இந்தியாவிலேயே பணிபுரிந்த ஐ.சி.எஸ். அதிகாரிகள் கவர்னராவார்கள். சென்னை, பம்பாய், வங்காளம் ஆகிய மூன்று பழைய ராஜதானிகளுக்கோ இங்கிலாந்திலிருந்து அரசியல்வாதிகளை அனுப்புவது வழக்கம். சென்னைக்கு வந்தவர்களின் வரிசையைப் பாருங்கள். ஸ்டான்லிக்கு முன் வந்த கோஷன் பிரபு முன்னாள் பார்லிமெண்டு உறுப்பினர், படைப்பட்டமும் பெற்றவர். ஸ்டான்லிக்குப் பின் வந்த எர்ஸ்கின் பிரபு பார்லிமெண்டு உறுப்பினர். அவருக்குப் பின் வந்த ஆர்தர் ஹோப் படை அதிகாரியாயிருந்து பார்லிமெண்டு உறுப்பினரானவர். ஒரே அச்சில் வார்த்த நாணயங்கள்! திறமையற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வில்லஸ்டன் வாக்காளர்களின் மனநிலை மாறினால் ஸ்டான்லியை வீட்டுக்கு அனுப்பலாம், அனுப்பியும் காட்டினார்கள். தஞ்சாவூர்க் குடியானவனுக்கு அந்த உரிமை இல்லை. நான் படித்தவற்றுள் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது இதுதான்.

1929 நவம்பர் 12-ஆம் நாள் அவர் சென்னையில் பதவியேற்றார். மனைவியார் லேடி பியாட்ரிக்ஸ் உடன் வந்தார். (தாவரவியல் நண்பர்களுக்காக ஒரு சிறு செய்தி. அம்மையார் தோட்டக்கலையில் பேர் பெற்றவர். குளிர்நாட்டில் பனிக்காலத்தில் பூக்கும் பனித்துளிப் பூ வகை ஒன்றுக்கும், ஐரிஸ் வகை ஒன்றுக்கும் அவர் பெயரே இடப்பட்டுள்ளது. கணவர் பெயர் நீரில், மனைவி பெயர் பூவில்!)

அவர் வந்த நேரம் அமைதியான நேரம் அன்று. இரண்டு மாதத்துக்குள் லாகூர்க் காங்கிரசு பூரண சுதந்தரத் தீர்மானத்தை நிறைவேற்றியது. 1930 ஏப்ரல் 13-இல் இராஜாஜி ஏறக்குறைய நூறு தொண்டர்களுடன் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்து புறப்பட்டார். அந்த வழி முழுவதும் காவிரி பாயும் நிலம். கும்பகோணம் வந்து, திருத்துறைப்பூண்டி தாண்டி, 28-ஆம் நாள் வேதாரணியம் சேர்ந்தனர். தஞ்சை மாவட்டக் கலெக்டர் தார்ன் என்பவர், தொண்டர்களுக்கு உணவும் இடமும் கொடுப்போர் தண்டிக்கப்படுவர் என்று அறிவித்தார். ஊரார் என்ன செய்தார்கள்? சோற்றுப் பொட்டலங்களை வழியிலிருந்த மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டு, யார் கட்டியது என்று தெரியாதபடி விலகிப் போனார்கள் என்று எங்கள் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். எங்கள் வீட்டுப் புளியமரத்தையும் அக்கதையில் சேர்த்துச் சொல்வது வழக்கம். அதற்கு நான் பொறுப்பில்லை! 30-ஆம் நாள் உப்பெடுத்த இராஜாஜி சிறைசென்றார். 1932 ஜனவரியில் திருப்பூரில் கொடியேந்திச் சென்ற குமரன் தடியடிபட்டு மாண்டார். இவையெல்லாம் ஸ்டான்லியின் ஆட்சிக் காலத்தில், அவருடைய நேர்ப்பொறுப்பிலிருந்த போலீசின் கையால் நிகழ்ந்தவை.

நேர்ப்பொறுப்பு என்று ஏன் சொல்கிறேன்? 1919-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாகாணங்களில் இரட்டையாட்சி நடந்தது. துறைகளை இரண்டாகப் பிரித்தார்கள். போலீசு, நிலவரி, நீர்ப்பாசனம் முதலியன ஒதுக்கப்பட்ட துறைகள். அவற்றைக் கவர்னரும் அவருடைய நிருவாகசபை உறுப்பினர்களும் பார்த்துக்கொள்வர். சட்டசபைக்கு அவர்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர். கல்வி, மருத்துவம், சுகாதாரம் போன்றவை மாற்றப்பட்ட துறைகள். அவை சட்டசபைக்குப் பொறுப்பான மந்திரிகளிடம் இருந்தன. ஸ்டான்லியின் காலத்தில் முதலில் டாக்டர் சுப்பராயன், பின்னர் நீதிக்கட்சியின் முனுசாமி நாயுடு, பின்னர் பொப்பிலி அரசர் என மூவர் முதன்மந்திரிகளாக இருந்தனர். இப்பிரிவினையை மனத்தில் வைத்துக்கொண்டால், தடியும் அணையும் ஒரே மேசையிலிருந்து வந்தவை என்பது விளங்கும். மருத்துவமனை வேறு மேசை.

இனி அணைக்கு வருவோம். அதைக் கட்டியவர் ஸ்டான்லிதானா?

காவிரியில் வெள்ளம் வந்தால் வயல் அழியும், வராவிட்டால் பயிர் வாடும். இதற்கு மேலே எங்கேனும் ஒரு தேக்கம் வேண்டும் என்பது பழைய எண்ணம். மேட்டூருக்குரிய திட்டத்தை 1910-ஆம் ஆண்டளவில் வகுத்தவர் கர்னல் எல்லிஸ் என்னும் பொறியாளர். ஆனால் மைசூர் அரசும் மேலே கண்ணம்பாடியில் ஓர் அணை கட்ட முனைந்தது. 1892-ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி சென்னையின் சம்மதமின்றி மைசூர் புதிய அணை கட்டலாகாது. வழக்கு நீண்டது. மைசூர் அணையை முன்னின்று வகுத்தவர் விசுவேசுவரய்யா. 1908-ஆம் ஆண்டு மூசி ஆற்றுப் பெருவெள்ளம் இந்த ஐதராபாத் நகரத்தை அழித்தபோது நிஜாம் அரசு அழைத்து ஆலோசனை கேட்டதும் அவரைத்தான். நாங்கள் நின்று வாதாடிய கண்டிப்பேட்டை ஏரி அந்த ஆலோசனையின் பயன். நம் மேட்டூரின் எதிர்க்கட்சி வக்கீல் கட்டச் சொன்ன ஏரிக்கரையில் நின்றுகொண்டே மேட்டூரைப் பற்றிச் சண்டையிட்டிருக்கிறோம்!

1924 பிப்ரவரியில் இரு அரசுகளும் உடன்பட்டன. கண்ணம்பாடிக்கும் வழி பிறந்தது, மேட்டூருக்கும் வழி பிறந்தது. அதே ஆண்டு ஜூலையில் காவிரியில் வந்த பெருவெள்ளம், தேக்கம் எவ்வளவு அவசியம் என்பதை வேறு சான்று வேண்டாமல் காட்டிவிட்டது. அப்போது நிருவாகசபையில் நீர்ப்பாசனத்துக்குப் பொறுப்பாயிருந்த சர் சி.பி.இராமசாமி ஐயர் திட்டத்தை முன்னே தள்ளினார். 1925 ஜூலையில், கோஷன் பிரபு கவர்னராயிருந்தபோது, வேலை தொடங்கியது. ஒன்பது ஆண்டுகள் நடந்தது. செலவு ஏறத்தாழ 4 கோடியே 80 இலட்சம் ரூபாய். நீளம் 5,300 அடி, உயரம் 214 அடி. முழு நீர்மட்டம் 120 அடி. கொள்ளளவு 93.47 ஆயிரம் மில்லியன் கனஅடி.

இந்த எண்களைப் படித்துவிட்டு அப்படியே போக என் பாடம் என்னை விடவில்லை. மேட்டூர் அணை தன் எடையினாலேயே நிற்கும் வகையைச் சேர்ந்தது. நீரின் அழுத்தம் ஆழத்துக்கு ஏற்பப் பெருகும். ஒரு சுவரின்மேல் அது தரும் மொத்தத் தள்ளுதலோ ஆழத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகும். 120 அடி, அதாவது சுமார் 36.6 மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால், அணையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் ஏறக்குறைய 670 டன் எடைக்குச் சமமான விசை தள்ளும். அத்தள்ளுதலால் அணை சரியாமலும் கவிழாமலும் இருக்க வேண்டுமானால், கட்டுமானத்தின் எடை அதைவிடக் கனமாய்க் கீழே அழுத்த வேண்டும். இந்தக் கணக்கை நான் பத்து நிமிடத்தில் போட்டேன். கல்லைச் சுமந்தவர்களுக்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின. கர்னல் எல்லிஸுக்கு அதில் பங்கு உண்டு, சர் சி.பி.க்குப் பங்கு உண்டு, தொழிலாளர் ஆயிரக்கணக்கானோருக்குப் பங்கு உண்டு. நாயம்பாடி போன்ற ஊர்களில் வீடு, வயல், கோயில் எல்லாவற்றையும் நீருக்குக் கொடுத்துவிட்டு எழுந்துபோன மக்களுக்கும் பங்கு உண்டு. அதை மட்டும் எந்தப் பொறியாளரின் கணக்கிலும் காணோம்.

ஸ்டான்லி வந்தபோது வேலை தொடங்கி நான்கு ஆண்டுகள் கடந்துவிட்டன. அவருடைய பங்கு என்ன என்று நேர்மையாகக் கேட்டால் ஒன்று சொல்லலாம். அவர் காலத்தில் உலகம் முழுவதும் பொருளாதார மந்தம் சூழ்ந்தது. நெல் விலை வீழ்ந்தது, அரசாங்கத்தின் வருவாய் சுருங்கியது. அந்த நிலையிலும் வேலை நிற்காமல் முடிந்தது. நிறுத்தாமல் இருந்ததும் ஓர் ஆட்சியாளரின் செயலே. அதற்குமேல் அவருக்குக் கொடுப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

திறப்பு விழாவுக்கு முன் அவர் வாழ்வில் ஒரு சிறு உச்சம். வைசிராய் வில்லிங்டன் பிரபு விடுப்பில் இங்கிலாந்து சென்றபோது, 1934 மே மாதம் முதல் ஆகஸ்டு வரை ஸ்டான்லி பொறுப்பு வைசிராயாக இருந்தார். பெரிய தந்தையார் லண்டனிலிருந்து ஆண்ட இந்தியாவைத் தம்பி மகன் மூன்று மாதம் இங்கிருந்தே ஆண்டார். அதே மூன்று மாதம் சென்னையில் பொறுப்புக் கவர்னராக இருந்தவர் சர் முகம்மது உஸ்மான். அந்நாற்காலியில் அமர்ந்த முதல் இந்தியர் அவர். தியாகராய நகரில் துணி வாங்கப் போவோர் நடக்கும் உஸ்மான் சாலை அவர் பெயரால் அமைந்தது. இங்குள்ள உஸ்மான் சாகர் வேறு உஸ்மான், நிஜாம் உஸ்மான் அலிகான் பெயரால் அமைந்தது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஸ்டான்லியின் ஆட்சியில் வேதாரணியத்தில் சிறைப்பட்ட இராஜாஜி, 1948-இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாகி, ஸ்டான்லி மூன்று மாதம் இருந்த அதே பீடத்தில் ஒன்றரை ஆண்டுக்கு மேல் அமர்ந்தார்.

சிம்லாவிலிருந்து திரும்பிய சில நாட்களில், 1934 ஆகஸ்டு 21-ஆம் நாள், ஸ்டான்லி மேட்டூர் அணையைத் திறந்துவைத்தார். நீர்த்தேக்கத்துக்கு அவர் பெயர் இடப்பட்டது. நவம்பரில் பதவிக்காலம் முடிந்து ஊர் திரும்பினார். வேலை இன்னும் ஓராண்டு தாமதித்திருந்தால் அது எர்ஸ்கின் நீர்த்தேக்கம் ஆகியிருக்கும். இரண்டாண்டுக்குள் முடியக்கூடியதாயிருந்திருந்தால் கோஷன் நீர்த்தேக்கம்! கல்வெட்டில் பெயரைப் பொறித்தது காலண்டர்தான் என்று சொன்னால் மிகையாகாது. எல்லிஸின் பெயர் மிகுதி நீர் வழியும் பதினாறு கண் மதகுப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எல்லிஸ் சாடில் என்பார்கள். திட்டம் வகுத்தவருக்கு வழிந்தோடும் நீரும், திறந்துவைத்தவருக்குத் தேங்கிய நீரும் கிடைத்தன.

சென்னை மருத்துவமனையின் கதை இன்னும் பழையது. 1782-ஆம் ஆண்டையொட்டிய பஞ்சத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றுவதற்காக வடசென்னையில் ஏற்பட்ட மணியக்காரர் சத்திரம் அதன் வேர். ஆங்கிலேயர் வாயில் அது மோனிகர் சத்திரம் ஆயிற்று. சத்திரத்தோடு வைத்தியசாலை சேர்ந்தது. 1877-இல் இராயபுரத்தில் மருத்துவப் பள்ளி ஏற்பட்டது. ஸ்டான்லியின் காலத்தில் அப்பள்ளியின் படிப்பு ஐந்தாண்டாக உயர்த்தப்பட்டு, அவர் பெயரும் சூட்டப்பட்டது. 1938-இல் அது கல்லூரி ஆயிற்று. மருத்துவம் மந்திரிகளின் துறை என்று முன்னே சொன்னேன். ஆக, இங்கும் பெயர் கவர்னருடையது, துறை வேறொருவருடையது. துறைமுகத் தொழிலாளரும், மீனவரும், வண்டியிழுப்போரும் தலைமுறை தலைமுறையாக, "ஸ்டான்லிக்குத் தூக்கிட்டுப் போ" என்று சொல்லிச் சொல்லி அச்சொல்லைத் தமிழாக்கிவிட்டார்கள். பஞ்சாலை முதலாளிகளின் ஊரிலிருந்து வந்த பிரபுக் குடும்பத்துக் கர்னலுக்கு இப்படி ஒரு மறுபிறவி கிடைக்கும் என்று அவரே கனவு கண்டிருக்க மாட்டார். அக்கல்லூரி பிறந்த 1938-ஆம் ஆண்டிலேயே ஜூலை முதல் நாள் அவர் இறந்தார்.

ஏரிக்கரையில் மூண்ட வாதத்துக்கு இப்போது என் விடை என்ன? நல்ல வெள்ளைக்காரர் கட்டிக்கொடுத்தார் என்ற நண்பரோடு நான் உடன்படவில்லை. பணம் நம் மாகாணத்தின் பணம், முதுகு நம் மக்களின் முதுகு. பெயரை அழிக்க வேண்டும் என்ற நண்பரோடும் உடன்படவில்லை. அழித்துவிட்டால், முன்பின் அறியாத ஒருவர் வாக்குச்சீட்டு இல்லாத நாட்டில் எப்படிக் கல்வெட்டில் ஏறினார் என்று அடுத்த மாணவர் கேட்க மாட்டார். அக்கேள்வி எனக்கு வேண்டும். நான் விரும்புவது, அப்பெயருக்குப் பக்கத்தில் இன்னும் சில பெயர்கள். இவ்விஷயத்தில் தெலங்கானத்தார் நமக்கு வழிகாட்டலாம். மஞ்சீரா ஆற்றின் குறுக்கே 1923 முதல் 1931 வரை கட்டிய பெரிய தேக்கத்துக்கு நிஜாம் சாகர் என்றுதான் பெயர். ஆனால் அதை வகுத்த பொறியாளர் நவாப் அலி நவாஸ் ஜங் பிறந்த ஜூலை 11-ஆம் நாளை, மாநிலம் அமைந்தபின் பொறியாளர் நாளாக இங்கே கொண்டாடுகிறார்கள். மன்னர் பெயர் நீரில் இருக்கிறது, பொறியாளர் பெயர் நாட்காட்டியில் இருக்கிறது. நாயம்பாடி மக்களுக்கு ஒரு நாளும் இல்லை. ஆனால் மேட்டூரில் நீர் வெகுவாக இறங்கும் கோடையில், பண்ணவாடிப் பக்கம், மூழ்கிய சலகண்டேசுவரர் கோயிலின் நந்தியும், ஒரு பழைய மாதாகோயிலின் கோபுரமும் தலைநீட்டுகின்றன. படகில் சென்று பார்த்துவருகிறார்கள்.

இக்கட்டுரையை முடிக்கும் முன் ஊரிலிருக்கும் என் பாட்டியிடம் தொலைபேசியில் பேசினேன். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் பிறந்துவிட்டால், "மேட்டூரு தொறந்துட்டாங்களாடா தம்பி? பேப்பர்ல என்ன போட்டிருக்கான்?" என்று கேட்பவர் அவர். பன்னிரண்டாம் தேதி திறந்தால் குறுவை உண்டு, இல்லையென்றால் சம்பா மட்டும் என்பது அவருடைய பஞ்சாங்கம். இவ்வளவு படித்துவிட்டோமே என்னும் பெருமிதத்தில், "அந்த அணைக்கு ஸ்டான்லின்னு பேரு, தெரியுமா பாட்டி?" என்று கேட்டேன்.

"போடா, அது மெட்ராஸ் ஆஸ்பத்திரி" என்றார்.